எபெனேசர் லாஞ்சும் ஆம்பூர்த் திண்டுகளும்

ஆம்பூர்
12 மார்ச் 1998

தம்பி ஐசக்,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் போய் ஒரு வருஷம் நிறைந்த நினைவு ஆராதனைக்கு வந்தாய். பிரியாணியைத் தொடாமல் கிளம்பிப் போனாய். உன் பெண்டாட்டி ஜெனிஃபா பாவம், கையில் தட்டோடு வாசல்வரை உன் பின்னால் ஓடினாள். கோபம் என்மேல் என்றால் பட்டினி உன் வயிற்றுக்கு எதற்கு?

நான் கேட்டதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் வேலூரில் நர்ஸாக இருந்துவிட்டு, உன் அண்ணன் பங்கு என் பெயருக்கு வந்த பிறகுதான் நம் கம்பெனியைப் போய்ப் பார்ப்போமே என்று தோன்றியது. 'எபெனேசர் ஷிப்பிங்' என்று மாமா அந்தக் காலத்தில் எழுதி வைத்த போர்டு பெரிதாகத்தான் இருக்கிறது. சொந்தக் கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. தோல் மூட்டைகளுக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்க ஆம்பூரில் ஓர் அறை, சென்னைத் துறைமுகத்தில் எபெனேசர் என்கிற ஒரே ஒரு லாஞ்சுப் படகு. கடலில் காத்து நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகிறது. திரும்பும்போது அவற்றின் இன்ஜின் அறையில் சேர்ந்த கழிவு எண்ணெயை வாங்கி வருகிறது.

வாங்கி வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன மாதம் உன்னோடு லாஞ்சில் வந்தபோது, கப்பலை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் லாஞ்சு ஓட்டும் கோதண்டராமன் ஒரு குழாயைத் திறந்துவிட்டார். அத்தனையும் கறுப்பாகக் கடலில் போயிற்று. நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில்: "எல்லாரும் பண்றதுதான் அண்ணி. கடல் இன்னா சின்னதா?"

பாலாறும் சின்னதில்லை தம்பி. இந்த ஊரில் தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள் எல்லாரும் கழிவுநீரை ஆற்றில் விட்டபோது இதையேதான் சொன்னார்கள். இன்று நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கிறேன்.

உன் அண்ணன் இருந்திருந்தால் இப்படி ஒரு நாள் விட்டிருப்பாரா? லைசென்ஸ் புதுப்பிக்க நம் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஏப்ரலுக்குள் கொடுக்காவிட்டால் லாஞ்சு ஓடாது என்பதும் தெரியும். அந்தக் குழாயை மூடு, கையெழுத்துப் போடுகிறேன்.

ஆக்னஸ் அண்ணி

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். கோபம் தீர்ந்த பிறகு வந்து வாங்கிக்கொள்.


ராயபுரம், சென்னை
21 மார்ச் 1998

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீங்களும் விசாரிக்கவில்லை.

கழிவு எண்ணெயைக் கரையில் இறக்கினால் எங்கே வைப்பது என்று யோசித்தீர்களா? அதற்குத் தொட்டி வேண்டும், தொட்டிக்கு இடம் வேண்டும், இடத்துக்கு அனுமதி வேண்டும். நான் ஒருவன் மட்டும் யோக்கியனாக நின்றால் கப்பல்காரன் அடுத்த லாஞ்சைக் கூப்பிட்டுக்கொள்வான். தோல் ஷாப்புகளைக் கோர்ட் மூடச் சொன்ன வருஷத்திலிருந்து ஆம்பூர்ச் சரக்கும் கம்மி. எபெனேசரை நம்பி என் வீட்டோடு சேர்த்து இன்னும் நாலு வீட்டில் அடுப்பு எரிகிறது. அதெல்லாம் கிடக்கட்டும். உங்களுக்குக் குழாய்தான் முக்கியம்.

ஒன்று சொல்கிறேன். அண்ணனைப் பற்றிய அந்த வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். அவரை இதில் இழுக்காதீர்கள். இப்போது லாஞ்சைப் பார்த்துக்கொள்வது நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

நீங்கள் நைட் டூட்டியாகப் போட்டுக்கொண்டு என்னைத் தூத்துக்குடியில் இன்ஜின் படிப்புப் படிக்க வைத்தீர்கள். அதை மறக்கிற ஜென்மம் நான் இல்லை. அதனாலேயே உங்களிடம் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. இது ஒரு பெரிய பேஜாராக இருக்கிறது.

ஐசக்


ஆம்பூர்
6 ஏப்ரல் 1998

அன்புள்ள தம்பிக்கு,

திட்டச் சொன்னாயே என்று நாலு பக்கம் திட்டி எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். தொட்டி வேண்டும் என்று எழுதியிருந்தாய். தொட்டி கிடைத்துவிட்டது.

வாஹித் பாஷா பாயைத் தெரியுமல்லவா, மாமா காலத்திலிருந்து நம் மூலமாகத்தான் தோல் அனுப்புகிறார். அவர் கழிவுநீர் இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதனால் அவருடைய பழைய இரும்புத் தொட்டி சும்மா கிடக்கிறது. கலங்கல் தண்ணீரை ஒரு நாள் அசையாமல் விட்டால் கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவில் இருப்பதை வடித்துக்கொள்ளலாம் என்கிறார். "நம்ம ஷாப்ல ஓடனது ஒங்க ஹார்பர்ல ஓடாதா?" என்று கேட்டார். வாடகை கேட்கவில்லை. "கோர்ட்டு பூட்டுப் போட்டப்ப மத்தவங்கல்லாம் ஆபீஸ மூடிட்டுப் போய்ட்டாங்க. ஒங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் தெறந்து வச்சிக்கினு ஒக்காந்திருந்தார்மா" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் அவரை இழுப்பதாக எடுத்துக்கொள்ளாதே.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் நீ நடந்துகொள்வதைப் பார்த்து.

அண்ணி


ராயபுரம்
19 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாயுடைய தொட்டி வேலை செய்கிறது.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறேன். எண்ணெய் மேலே வந்து நிற்கிறது. அதை எடுத்துச் சுத்தம் செய்கிற கம்பெனிக்காரர்கள் வந்து கொண்டுபோகிறார்கள். அடியில் தங்கும் சேற்றையும் அவர்களே எடுக்கிறார்கள். குழாயைக் கழற்றி எறிந்து அந்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டேன். கோதண்டராமன் பக்கத்தில் நின்று, "இன்னிக்குத்தான் சார் நிம்மதி" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பாதிக் கப்பல்கள் வேறு லாஞ்சுகளுக்குப் போய்விட்டன. ஆனால் நார்வேயிலிருந்து வந்த கப்பலின் கேப்டன் ஒருவர் தங்கள் எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்டு, கரைக்கு வந்து தொட்டியைப் பார்த்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் துறைமுகத்தில் எனக்கு யாரும் கை கொடுத்ததில்லை அண்ணி. பயந்துபோய்க் கையை என் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அது அவமரியாதை என்று பிறகுதான் தோன்றியது.

இப்போது ஒரு புதுத் தொல்லை. கரையில் எண்ணெய் வைத்திருப்பவர்கள், அது கடலில் சிந்தினால் வளைத்துப் பிடித்து உறிஞ்ச ஏற்பாடு வைத்திருக்க வேண்டுமாம். அதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் தொட்டிக்கு அனுமதி தருவார்கள். வெளிநாட்டில் இதற்கென்றே மிதவைகள் விற்கிறார்கள். அதை வாங்க லாஞ்சையே விற்க வேண்டும். வைக்கோல் போட்டுப் பார்த்தேன், மரத்தூள் போட்டுப் பார்த்தேன். இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு முழுகின. அனுமதி இல்லையென்றால் தொட்டியை எடுக்க வேண்டும். தொட்டி போனால் மறுபடி குழாய். நான் அதை மறுபடி திறக்க மாட்டேன். ஆகவே எபெனேசரை விற்பதுதான் மிஞ்சும்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஐசக்


ஆம்பூர்
27 செப்டம்பர் 1998

அன்புள்ள தம்பிக்கு,

லாஞ்சை விற்கிற பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவை.

நேற்று வாஹித் பாஷா ஷாப்புக்குப் போயிருந்தேன். சுத்திகரிப்பு நிலையத்துக் குழாயை ஆட்டு முடி அடைக்கிறது என்பதால், இப்போது சுண்ணாம்பில் போடுவதற்கு முன்பே செம்மறித் தோலிலிருந்து முடியைக் கத்தரித்துவிடுகிறார்கள். அந்த முடி ஒரு கொட்டகை நிறையக் கிடக்கிறது. வாங்க ஆள் இல்லை. அங்கே ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. அதற்கு டீசல் ஊற்றும்போது கேன் கவிழ்ந்து, மழைத் தண்ணீர் தேங்கிய தரையில் டீசல் பரவிவிட்டது. பாயுடைய மனைவி ஹலீமா பீ சத்தம் போட்டுக்கொண்டே இரண்டு கை முடியை அள்ளி அதன்மேல் போட்டாள். தம்பி, முடி டீசலை எடுத்துக்கொண்டது. தண்ணீர் அப்படியே நின்றது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா சிஸ்டர், எதனா தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, முடியைப் போட்டு நானும் பார்த்தேன். மிதந்துகொண்டே குடிக்கிறது.

ஹலீமா பீக்குத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தவர்கள். இப்போது ஆர்டர் இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். கொசுவலைத் துணியில் முடியை அடைத்து ஆள் உயரத்துக்குத் திண்டு தைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் லாஞ்சைச் சுற்றி வளைக்கலாம். பரிசோதனைத் தேதி வாங்கு.

அண்ணி

நார்வே கேப்டன் கதையைப் போதகர் ஐயாவிடம்கூடச் சொன்னேன். சட்டையில் துடைத்ததை மட்டும் சொல்லவில்லை.


ராயபுரம்
23 ஜனவரி 1999

அண்ணிக்கு,

தந்தி கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் இதைத் தந்தியில் சொல்ல முடியாது. முழுகிவிட்டது.

துறைமுக அதிகாரிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். பெரிய தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பி, எண்ணெய் ஊற்றி, நம் திண்டுகளை இறக்கினோம். கொஞ்ச நேரம் மிதந்தன. நான் சிரித்த முகமாக நின்றேன். பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீரைக் குடித்து அடியில் போய் உட்கார்ந்தன. எண்ணெய் மேலே அப்படியே இருந்தது. ஓர் அதிகாரி, "தலகாணி நல்லா தச்சிருக்காங்க" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

மறு பரிசோதனை கிடையாது என்றார்கள். வருஷக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் வெளிநாட்டு மிதவை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியை எடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் முதலில் அனுப்பிய ஒரு பிடி முடியை நான் இங்கே போட்டுப் பார்த்தபோது நன்றாக மிதந்தது. அது கிட்டே போக முடியாதபடி நாறியது. இந்தத் திண்டுகளை முகர்ந்து பார்த்தேன். மல்லிகைப்பூ வாசம் வருகிறது. ஏன் அண்ணி?

ஐசக்


ஆம்பூர்
2 பிப்ரவரி 1999

தம்பி,

உன் கடைசி வரியைப் படித்ததும் நேராக ஹலீமா பீ வீட்டுக்குப் போனேன்.

கழுவியிருக்கிறார்கள். ஒரு முறை இல்லை. சோடா போட்டு ஊற வைத்து, சீயக்காய் போட்டு அலசி, கடைசியில் ஷாம்பூ பாக்கெட் வேறு. அவர்கள்மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. நடுவில் ஒரு நாள் போய்ப் பார்த்தவள் நான்தான். பளபளவென்று காய்ந்துகொண்டிருந்த முடியைப் பார்த்து, நர்ஸ் புத்தி, "பலே, ஆஸ்பத்திரிப் பஞ்சு மாதிரி இருக்கு" என்று மெச்சிவிட்டு வந்தேன். முடியில் இயற்கையாக இருந்த பிசுக்குதான் தண்ணீரை உள்ளே விடாமல் எண்ணெயை மட்டும் வாங்கியது. அந்தப் பிசுக்கை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேய்த்துக் கழுவி எடுத்துவிட்டோம்.

"ஏன்டி கழுவினீங்க, யார் சொன்னாங்க?" என்று கத்தினேன். ஹலீமா பீதான் சொன்னாள்: "மெட்ராசுக்குப் போற சாமான் சிஸ்டர். பெரிய ஆபீசருங்க தொடுவாங்க. நாங்க ரயில்ல ஏறுனாலே பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்க மூக்க மூடிக்கினு எழுந்து போறாங்க. எங்க வேலயாவது நாறாம போவட்டுமேன்னு நெனச்சோம்."

அந்த ரயிலில் நானும் போயிருக்கிறேன் தம்பி. ஆம்பூரில் ஏறுகிறவர்களைப் பார்த்து ஜன்னலைத் திறக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நானே கைக்குட்டையில் யூடிகோலன் சென்ட் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். அழுதுவிட்டேன். அவர்களும் அழுதார்கள். பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தோம்.

இந்த முறை முடியை வெயிலில் காயவைத்து, தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பை உதறி, அப்படியே அடைத்திருக்கிறோம். அனுப்புவதற்கு முன் வாளியில் போட்டுப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி கிட்டே போக முடியாது. லாரியோடு கோதண்டராமனை அனுப்பு. பரிசோதனை இல்லாவிட்டாலும் லாஞ்சிலேயே வைத்திரு.

அண்ணி


ஆம்பூர்
20 பிப்ரவரி 1999

ஐசக்,

கோதண்டராமன் வந்தார், திண்டுகளை ஏற்றினார், சாப்பிட்டார். சாப்பிடும்போது, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்.

"தொறந்து வுடறது பெரியவர் காலத்துல ஆரம்பிச்சதும்மா. சின்னவருக்கு அது ஆவவே ஆவாது. வந்து மூடுனாரு பாருங்க." பெரியவர் என்றதும் நான் மாமாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அப்பா காலத்துல கரைக்குத்தாம்மா கொண்டாருவோம். நான் சொல்றது ஒங்க வீட்டுக்காரரை" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பாவம், அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய் ரசத்தைச் சூடு பண்ணினேன். அது ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

அவர் இருந்திருந்தால் விட்டிருப்பாரா என்று உன்னைக் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. என்னைத் திட்டுங்கள் என்று எழுதினாய்.

ஏன்டா சொல்லவில்லை?

ஆக்னஸ்


ராயபுரம்
1 மார்ச் 1999

அன்புள்ள அண்ணிக்கு,

கோதண்டராமன் வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்கிறார். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

அண்ணன் கெட்டவர் இல்லை. கோர்ட் உத்தரவு வந்து ஷாப்புகள் மூடியிருந்தபோது பாய் சொன்னாரே, அவர் ஒருவர்தான் ஆபீஸைத் திறந்து வைத்திருந்தார் என்று, அது உண்மை. ஒரு ஆளைக்கூட நிறுத்தவில்லை. அத்தனை பேருக்கும் சம்பளம் வேண்டும் என்று வருகிற கப்பல் வேலை எதையும் விடாமல் வாங்கினார். அவ்வளவு எண்ணெயையும் வைக்கக் கரையில் இடம் இல்லை. முதல் நாள் குழாயைத் திறந்துவிட்டு லாஞ்சின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் எப்படிச் சொல்வது? காலையில் அவர் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடிப்பீர்கள். ஆராதனைக்கு வந்த அன்றும் பார்த்தேன். குழாயைப் பற்றி என்னைச் சத்தம் போட்டுவிட்டு அந்த நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தீர்கள். அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். அதனால்தான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

படத்தைத் திருப்பி வைத்துவிடாதீர்கள்.

ஐசக்


ராயபுரம்
17 நவம்பர் 1999

அன்பும் நன்றியும் நிறைந்த அண்ணிக்கு,

இதைச் சந்தோஷமாக எழுதுகிறேன். இத்தனை மாதமாக நீங்கள் ஊறுகாயும் மணி ஆர்டர் மாதிரி இரண்டு வரியும் மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். ஏப்ரலில் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடுகூட ஒரு வரி இல்லை. என்றாலும் எழுதுகிறேன்.

போன வாரம் நல்ல மழை. ஒரு கப்பலிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கிக்கொண்டிருக்கும்போது நம் ஹோஸ் பைப் நடுவில் பிளந்துவிட்டது. மூடுவதற்குள் எண்ணெய் சிந்தி, லாஞ்சைச் சுற்றிக் கறுப்பாகப் பரவ ஆரம்பித்தது. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். கோதண்டராமன்தான், "சார், திண்டு" என்றார். இருந்ததையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சுற்றி இறக்கினோம். அண்ணி, மிதந்தன. எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுத்துப் பருத்தும் மிதந்தன. வளையத்தைத் தாண்டி ஒரு கீற்றுகூடப் போகவில்லை.

அதிகாரிகள் படகில் வந்துவிட்டார்கள். போன முறை தையலைப் பாராட்டியவர்தான் முன்னால் நின்றார். மூக்கில் கைக்குட்டை. "என்னய்யா இது நாத்தம்?" என்றார். கோதண்டராமன் அசராமல், "ஆம்பூர் சார்" என்றார்.

அவர் வளையத்தையும் அதற்கு வெளியே இருந்த சுத்தமான தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "நாறட்டும். இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

தொட்டிக்கு அனுமதி நேற்று கைக்கு வந்தது. எபெனேசர் விற்கப்படாது. அவசரத்துக்குத் துறைமுகத்திலும் வைத்துக்கொள்ளத் திண்டு கேட்டிருக்கிறார்கள். அந்த "ஆம்பூர் சார்" என்பதை ஹலீமா பீக்கும் மற்றவர்களுக்கும் வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். நான் ஆயுசு முழுக்க அவர்களுக்குக் கடமைப்பட்டவன். உங்களுக்கும்தான். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்.

ஐசக்


ராயபுரம்
8 அக்டோபர் 2001

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டாவது லாஞ்சு வந்துவிட்டது. பழையதுதான், இன்ஜினை நானே பிரித்துச் சேர்த்தேன். குடிதண்ணீரும் காய்கறியும் சுமப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். கழிவு எண்ணெய் இறக்குவது, சிந்தியதை எடுப்பது, கப்பல் குப்பையைப் பிரித்து வாங்குவது, இதுதான் இனி வேலை. நார்வே கேப்டனின் கம்பெனி அவர்களுடைய எல்லாக் கப்பலுக்கும் நம் பெயரைக் கொடுத்திருக்கிறது. இந்த முறை துடைக்காமல் கை கொடுத்தேன்.

பாய் அனுப்பிய தோல் பிழியும் உருளை மெஷின் நன்றாக ஓடுகிறது. எண்ணெய் குடித்த திண்டை அதில் விட்டுப் பிழிந்தால் மறுபடி கடலில் போடலாம். விசாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஹலீமா பீயிடம் இன்னும் ஆட்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஷாம்பூ வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வரும் ஏப்ரலுக்கான லைசென்ஸை இப்போதே ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தும் வாங்கலாம் என்கிறார்கள். நீங்கள் ஒரு வருஷம்தான் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு பத்திரமும் இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் இஷ்டம்.

ஐசக்


ஆம்பூர்
12 நவம்பர் 2001

அன்புள்ள தம்பி ஐசக்குக்கு,

ஐந்து வருஷப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதை அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னை இனிமேல் வருஷா வருஷம் பார்க்க வேண்டியதில்லை. ஊறுகாய்க்கு வந்தால் போதும்.

நேற்று நம் சபையில் அறுப்பின் பண்டிகை. வழக்கம்போல எல்லாரும் பூசணிக்காய், வாழைத்தார், சேவல் என்று காணிக்கை கொண்டுவந்தார்கள். நான் ஒரு புதுத் திண்டைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்தேன். கழுவாததுதான். முதல் மூன்று பெஞ்சும் காலியாகிவிட்டது. ஆராதனை முடிந்து அவற்றை ஏலம் விடும்போது வாஹித் பாஷாவும் ஹலீமா பீயும் வெளியே வந்து நின்றார்கள். திண்டை பாய்தான் ஏலத்தில் எடுத்தார். ஹலீமா பீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போனாள். வழியில் ஒருத்தர் மூக்கைப் பிடித்தாராம். "நார்வேக்காரன் கப்பலுக்குப் போற மாலு, தள்ளி நில்லு" என்றாளாம்.

ஸ்தோத்திரக் காணிக்கை போடும்போது கவர்மேல் காரணம் எழுதுவோமே, போதகர் சத்தமாகப் படிப்பாரே, பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக என்று. இரண்டு வருஷமாக நான் இரண்டு கவர் போடுகிறேன். பழைய போதகருக்குப் பழகிவிட்டது. இப்போது வந்திருப்பவர் சின்ன வயசு. நேற்று முதல் கவரை எடுத்து, "சிஸ்டர் ஆக்னஸ், ஆட்டு முடி நாறியதற்காக" என்று படித்துவிட்டு ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சபை முழுக்கச் சிரித்தது. இரண்டாவது கவரில் "என் கொழுந்தன் ஐசக்குக்காக" என்று மட்டும்தான் இருந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

உன் அண்ணன் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகு கொஞ்ச நாள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பிறகு நேராகப் போட்டு அவரை நன்றாகத் திட்டினேன். எண்ணெய் சிந்திய அன்று என்ன நடந்தது என்று உன் கடிதத்தைச் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது நாங்கள் சமாதானம். காப்பியும் பழையபடி இனிக்கிறது.

ஆராதனை முடிந்து போதகர் என்னிடம் வந்தார். "சிஸ்டர், ரெண்டாவது கவர்ல காரணம் எழுத மறந்துட்டீங்க போல" என்றார்.

"மறக்கலை ஐயா" என்றேன். "எழுதுனா, எனக்காக அவன் இத்தனை நாள் மறைச்சு வச்சது வெளியே வந்துடும்."

உன் அண்ணி,
ஆக்னஸ்